யாரும் எடுக்காத மாப்பிள்ளை

வால்ட் ருஸ்னாக் அந்த ஏப்ரலில் வருங்கால மாப்பிள்ளைக்காகச் செய்த ஒரே நல்ல காரியம் ஒரு கேக் வாங்கியது. அதையும் தானே வெட்டித் தானே தின்று கெடுத்துக்கொண்டார்.

மகள் நடாலிக்கு நிச்சயமாகியிருந்த பையன் பெயர் கோல்பி ட்ரெக்ஸ்லர். மலைப்பக்கத்துச் சின்னக் கல்லூரி ஒன்றில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவன். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரே அடைத்த கதவு மாதிரி நிற்கிற ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுவது அவன் வேலை. வருஷா வருஷம் ஏப்ரலில் பெரிய அணிகள் எல்லாம் ஒன்றுகூடிக் கல்லூரிப் பையன்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். மூன்று நாள் நடக்கும். தொலைக்காட்சியில் விடாமல் காட்டுவார்கள். பெயர் சொல்லப்பட்ட பையன் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு மேடையேறுவான், அவனுடைய அம்மா அழுவாள், மாமாக்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள்.

ருஸ்னாக் வீட்டுக் கூடத்தில் கோல்பி மூன்று நாளும் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் நாள் தன் பெயர் வராது என்று அவனுக்கே தெரியும். இரண்டாம் நாளும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசிப் பெயரையும் வாசித்துவிட்டு மேடையைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வால்ட்டுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, வாங்கினதை வீணாக்க முடியுமா?" என்று கத்தியை எடுத்தார். மேலே நீலக் கிரீமில் 'வாழ்த்துகள் கோல்பி' என்று எழுதியிருந்தது. 'வாழ்த்துகள்' இருந்த பாதியைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, 'கோல்பி' இருந்த பாதியை அவனிடம் நீட்டினார்.

"அப்பா!" என்றாள் நடாலி.

"என்னடி? பசிக்குதுல்ல அவனுக்கும்."

இருட்டுவதற்குள் ஒரு அழைப்பு வந்தது. டிராஃப்டில் யாரும் எடுக்காத பையன்களை அணிகள் அப்படித்தான் கூப்பிடும். பயிற்சிக்கு வா, பார்க்கிறோம், பிடித்திருந்தால் வைத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு. கூப்பிட்டதோ ஏரிக்கரை நகரத்து அணி. எங்கள் நதிக்கரை ஊர்கள் மூன்று தலைமுறையாக உட்கார்ந்து திட்டுகிற அணி அது. கோல்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வால்ட் வாயில் இருந்த கேக்கை விழுங்கிவிட்டு, "அவனுங்ககூட டிராஃப்ட்ல எடுக்கலியா உன்னை?" என்று கேட்டார்.

பிறகு மனமிரங்கி, "பரவால்ல பையா. என் டயர் கடைல ஒரு இடம் உனக்குன்னே காலியா வச்சிருக்கேன். அவசரம் ஒண்ணுமில்ல, அவனுங்க உன்னை அனுப்பினப்புறம் செப்டம்பர்ல வந்தாப் போதும்" என்றார். இதை அவர் பெரிய கருணை என்றே நினைத்தார்.

வால்ட்டுக்கு இன்னொரு குடும்பமும் இருந்தது. எங்கள் ஊர் ஹேசல் ரன்னின் தன்னார்வத் தீயணைப்புக் கூடத்தில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். தீயை அணைக்க இல்லை, ஆளுக்கொரு கற்பனை அணி அமைக்க. நிஜ அணிகளில் ஆடுகிற நிஜ ஆட்டக்காரர்களை இவர்களும் முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். இவர்களுக்கும் இது டிராஃப்ட்தான். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அந்த ஆட்டக்காரன் பத்து கெஜம் ஓடினால், இங்கே அவனை வைத்திருக்கிறவருக்கு ஒரு புள்ளி; ஒரே கெஜம் ஓடினாலும் அதில் பத்தில் ஒரு பங்கு. எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்தால் ஆறு புள்ளி. அவனுடைய நிஜ அணி ஜெயித்ததா, நாசமாகப் போனதா என்பது இவர்களுக்குப் பொருட்டே இல்லை. கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டே "இவனுக்கு இடுப்பு சரியில்ல, அவனுக்கு மனசு சரியில்ல" என்று பேசுவார்கள். கடைசியாக எப்போது மாடிப்படி ஏறினோம் என்று கேட்டால் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் ஞாபகம் வராது.

கடைசி இடம் வந்தவருக்கு ஒரு தண்டனை உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், வெள்ளிக்கிழமைதோறும் தீயணைப்புக் கூடத்தில் பொரித்த மீன் விற்பார்கள். ஊரே வரிசையில் நிற்கும். தோற்றவர் அத்தனை வெள்ளிக்கிழமையும் மீன் வேஷம் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வாலை ஆட்ட வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவரே வால்ட்தான். வேஷத்தைத் தைக்கக் கொடுத்தபோது, தனக்குத் தேவைப்படவே படாது என்ற நம்பிக்கையில் ஒல்லியான அளவு சொன்னவரும் அவரேதான்.

அந்த ஆகஸ்டில் கடைசிச் சுற்று வந்தபோது பெர்னி சாபோ அவரைச் சீண்டினாள். ஊரில் பாதிப் பெண்களின் தலை அவள் சலூனில்தான் கழுவப்படுகிறது; அதனால் ஊர்ச் செய்தி முழுவதும் அவள் கையில்.

"என்ன மாமனாரே, கடைசி ஆளு. நம்ம வீட்டுப் பையனை எடுக்கலியா?"

"வீட்டுச் சாப்பாடு வேற, வியாபாரம் வேற பெர்னி. முப்பத்திரண்டு அணிக்காரனும் மூணு நாள் உக்காந்து யோசிச்சு வேண்டாம்னு விட்டுட்டான். அவனுங்களைவிட எனக்கு மூளை ஜாஸ்தியா?"

"இல்லேங்கிறே. சரி, பன்னிரண்டு பேரு சாட்சி."

கூடமே சிரித்தது. வால்ட் ரோஷத்தோடு, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது மட்டுமே வேலையான ஒரு உதைக்கிறவனை எடுத்தார். அந்த உதைக்கிறவனின் பெயரை அவரால் சரியாகச் சொல்லக்கூட முடியவில்லை. கோல்பியை அங்கேயும் யாரும் எடுக்கவில்லை.

செப்டம்பர் வந்தது. டயர் கடையில் காலியிடம் காலியாகவே இருந்தது. அணி கோல்பியை வைத்துக்கொண்டுவிட்டது, வரிசையில் மூன்றாவது ஓட்டக்காரனாக. வால்ட் அசரவில்லை. "தண்ணி புட்டி தூக்கறவனுக்குக்கூட உடுப்பு குடுப்பாங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதே சமயம் அவருடைய கற்பனை அணி மளமளவென்று சரிந்துகொண்டிருந்தது. முதல் சுற்றில் எடுத்தவன் தொடை பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். இரண்டாம் சுற்றில் எடுத்தவன் போன இடமெல்லாம் பந்தைக் கீழே போட்டான். பெயர் சொல்ல முடியாத உதைக்கிறவன் மட்டும் ஒழுங்காக உதைத்தான்.

அக்டோபரில் கோல்பிக்கு முன்னால் இருந்த இருவரில் ஒருவன் முழங்காலை உடைத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு மற்றவனுக்குத் தோள் விலகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அணிக்கு விடுமுறை என்பதால் கோல்பி இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு ருஸ்னாக் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். வால்ட்டின் மனைவி லொரேன் முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டி வேகவைத்திருந்தாள்.

தீயணைப்புக் கூடத்துப் பன்னிரண்டு பேரின் லீக்கில் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் எடுக்காத ஆட்டக்காரர்கள் பொதுவில் கிடப்பார்கள். அன்றிரவு ஆளுக்கொருவரை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதல் உரிமை கடைசி இடத்தில் இருப்பவருக்கு. அந்த உரிமை இப்போது வால்ட்டிடம் இருந்தது. அதனால் அவர் தட்டுக்குக் கீழே தொலைபேசியை வைத்துக்கொண்டு, யாரோ ஒரு நிபுணன் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்து யார் எழுவான், யாரும் கவனிக்காத ஓட்டக்காரன் எவன் என்று நிபுணன் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான்.

"நாளையிலேருந்து என்னைத்தான் முதல் வரிசைல ஓட விடறாங்களாம்" என்றான் கோல்பி. "ஞாயித்துக்கிழமை முழு ஆட்டமும் நான்தான்."

லொரேன் எழுந்து அவன் தலையில் முத்தமிட்டாள். நடாலிக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் கண் நிறைந்துவிட்டது.

"நல்லது நல்லது" என்றார் வால்ட், தலையைத் தூக்காமல். "அந்த உப்பை இப்படித் தள்ளு பையா."

அன்றிரவு அவர் நிபுணன் சொன்ன ஆளை எடுத்தார். அவனும் ஓட்டக்காரன்தான், மேற்குக் கரையில் ஆடினான், அந்த ஞாயிறு முழுக்க மூன்று கெஜம் ஓடினான். கோல்பியைப் பெர்னி எடுத்தாள். நடாலி மத்தியானம் சலூனில் தலை கழுவிக்கொண்டபோது சந்தோஷம் தாங்காமல் சொன்னதைத்தான் அவள் கேட்டிருந்தாள். வாரா வாரம் கற்பனை அணிகள் இரண்டிரண்டாகப் புள்ளியில் மோதும்; அந்த வாரம் வால்ட்டின் அணி மோத வேண்டியது பெர்னியின் அணியோடு.

ஞாயிறு ஏரிக்கரை மைதானத்தில் ஆட்டக்காரர்களின் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய இருக்கைகளில் வால்ட், லொரேன், நடாலி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். கோல்பி முதல் தடவை பந்தை வாங்கி, இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாவது ஆளைத் தோளால் தள்ளிவிட்டு எல்லைக்கோட்டுக்குள் விழுந்தான். எழுபதாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். நடாலி அலறினாள். லொரேன் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். வால்ட் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "போச்சு! எல்லாம் போச்சு!" என்று குனிந்துவிட்டார்.

தொலைக்காட்சிக் கேமரா சரியாக அங்கேதான் நின்றது. "அதோ பாருங்கள், யாருமே எடுக்காத அந்தப் பையனின் வருங்கால மாமனார். ஆனந்தக் கண்ணீரை அடக்க முடியவில்லை அவரால்" என்று வர்ணனையாளர் குரல் தழுதழுக்கச் சொன்னார். கோல்பி இன்னொரு டச்டவுன் அடித்தான். மறுபடியும் கேமரா வந்தது. மறுபடியும் ஆனந்தக் கண்ணீர். தேசத்தில் பாதிப் பேர் அவரை நினைத்து நெகிழ்ந்துபோனார்கள். ஹேசல் ரன் தீயணைப்புக் கூடத்தில் மட்டும் ஆட்கள் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தார்கள்.

புதன்கிழமைக்குள் விஷயம் நடாலி காதுக்குப் போய்விட்டது. கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"அவன் கோட்டைத் தாண்டினப்போ நீங்க அழுதது எதுக்குப்பா?"

"நான் எங்கடி அழுதேன்? வெயிலு கண்ணுல..."

"மழை பேஞ்சுட்டிருந்துச்சு."

வால்ட் கையில் இருந்த டயரை உருட்டி ஓரமாக நிறுத்தினார்.

"முதல் சுற்றுல எடுத்த பசங்க பந்தைப் பத்துத் தடவை கீழே போட்டாலும் முதுகைத் தட்டிக் குடுப்பாங்கப்பா. காசு கொட்டியிருக்காங்க, விடமாட்டாங்க. கோல்பி ஒரு தடவை போட்டாப் போதும், மறுநாள் அவன் பெட்டியைக் காலி பண்ணிடுவாங்க. அந்தப் பயத்தோடதான் தினம் தூங்கப் போறான். இதுல ஊர் பேர் தெரியாதவன் எல்லாம் அவன் போனுக்கு, என் புள்ளி என்னாச்சுடா நாயே, உன் காலை உடைக்கறேன்டான்னு செய்தி அனுப்பறான். அவன் அதெல்லாம் தாங்கிக்கறான். நம்ம வீட்லயாவது ஒரு ஆளு அவனை மனுஷனாப் பாக்க வேண்டாமா? உங்க வாயிலேருந்து ஒரு நல்ல வார்த்தைக்கு எப்படி ஏங்கறான் தெரியுமா?"

"சரிம்மா. தப்புதான்."

"கல்யாணத்துல சர்ச் வாசல்லேருந்து அவன் நிக்கற இடம்வரைக்கும் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகப்போறது நீங்க. சின்ன வயசுலேருந்து அந்த நடையை நினைச்சுப் பாத்திருக்கேன். இன்னொரு தடவை அவனைப் புள்ளியாப் பாத்தீங்கன்னா நான் தனியாவே நடந்து போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

வால்ட் சத்தியம் செய்தார். இனி மைதானத்தில் தொலைபேசியைத் தொடமாட்டேன் என்றார். மகள் போன பிறகு கடையின் பின்பக்கம் போய் மூக்கைச் சிந்திக்கொண்டார். அந்த நடையை அவளைவிட அதிகமாக நினைத்துப் பார்த்தவர் அவர். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போதே கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தவர். அந்தச் சத்தியத்தை அவர் மனதாரத்தான் செய்தார்.

மனதார எடுத்த இன்னொரு முடிவும் அதன் கூடவே வந்தது. இனி கோல்பியின் பக்கம் நிற்பதென்றால் முழுசாக நிற்க வேண்டியதுதானே? அவன் ஓடும்போது தலையில் கை வைக்கிற நிலைமை ஏன் வர வேண்டும்? அன்று சாயங்காலமே பெர்னியின் சலூனுக்குப் போனார். தன்னிடம் உருப்படியாக இருந்த இரண்டு ஆட்களைக் கொடுத்துவிட்டுக் கோல்பியைத் தன் அணிக்கு மாற்றி வாங்கிக்கொண்டார்.

"ஆகஸ்டுல சும்மா கிடைச்சான்" என்றாள் பெர்னி.

"பாசத்துக்கு விலை பாக்கக் கூடாது பெர்னி."

"இந்தப் பாசத்தை நடாலிகிட்ட சொல்லலாமா?"

வால்ட் பதறிப்போனார். பெர்னி சிரித்துவிட்டு, சொல்லமாட்டேன் என்றாள். உண்மையிலேயே சொல்லவில்லை. அவளுக்கும் நடாலியைப் பிடிக்கும்.

அதன் பிறகு வால்ட் மாறிப்போய்விட்டார் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். கோல்பி ஓடினால் இப்போது எல்லோருக்கும் முன்னால் எழுந்து நிற்கிறவர் அவர்தான். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டில் அவனுக்கு இரண்டாம் தடவை தானே பரிமாறினார். "நல்லாத் தூங்கறியா? கணுக்கால் எப்படி இருக்கு? பனில வெளிய நிக்காதே" என்று கேட்டார். கோல்பி வெட்கத்தோடு பதில் சொன்னான். லொரேன் மகளைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். கோல்பியின் புகழும் ஏறிக்கொண்டே போனது. வால்ட் படிக்கிற அந்த நிபுணனே, இந்த வருஷத்தின் பெரிய கண்டுபிடிப்பு கோல்பி என்றும், ஆரம்பத்திலேயே தனக்குத் தெரியும் என்றும் எழுதினான்.

ஆனால் இரண்டு நல்ல ஆட்களைக் கொடுத்துவிட்டதால் வால்ட்டின் அணி எழுந்திருக்கவே இல்லை. டிசம்பரில் கடைசி வாரம் வந்தபோது மீன் வேஷத்துக்கு இரண்டே பேர்தான் மிச்சம், வால்ட்டும் மருந்துக்கடை கஸ்ஸும். அந்த வாரம் இருவரும் ஒருவரோடொருவர் மோத வேண்டும், தோற்றவர் மீன். கஸ் ஒல்லி. வேஷம் அவனுக்கு அளவெடுத்தது போல இருக்கும் என்று வால்ட் ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

அன்று ஏரிக்கரையில் பனி கொட்டியது. வால்ட் தடித்த கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். வலது கையுறைக்குள் தொலைபேசி இருந்தது. மூக்கைத் துடைப்பது மாதிரி கையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொள்வார். அன்று அவருக்கு மூக்கு ரொம்பவே ஒழுகியது.

கோல்பி அன்று பிசாசு மாதிரி ஓடினான். இடைவேளைக்கு முன் ஒரு டச்டவுன், பிறகு ஒன்று. கஸ்ஸின் ஆட்கள் எல்லோரும் ஆடி முடித்துவிட்டார்கள். வால்ட்டுக்கு மிச்சமிருந்தது கோல்பி மட்டும்தான். கையுறைக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு கெஜம். நாலே நாலு கெஜம் ஓடினால் கஸ்தான் மீன்.

அப்போதுதான் கோல்பியின் வலது கால்மேல் ஒரு தடியன் விழுந்தான். கணுக்கால் மடங்கியது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து குடும்ப இருக்கைகளுக்கு நேர் கீழே இருந்த பலகையில் உட்கார வைத்தார்கள். ஷூவைக் கழற்றி அமுக்கிப் பார்த்தார்கள். அவன் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டான். நடாலி வாயில் கையை வைத்துக்கொண்டு, "போதும், போதும், இன்னிக்கு வேண்டாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வால்ட் இருக்கைகளைத் தாண்டித் தடுப்புக் கம்பிவரை இறங்கிப் போனார். எப்படிப் போனார் என்று பிற்பாடு அவருக்கே தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக் குனிந்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"எந்திரிடா மகனே! உன்னால முடியும்டா மகனே!"

கோல்பி துண்டை விலக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தான். 'பையா' என்பதைத் தவிர வேறு மாதிரி அந்த வாய் அவனைக் கூப்பிட்டதில்லை. பிறகு ஷூவை வாங்கி மாட்டினான். பயிற்சியாளர் ஏதோ கேட்டார். இவன் தலையைப் பலமாக ஆட்டினான். இரண்டு தடவை குதித்துக் காட்டினான். உள்ளே போனான்.

பந்து அவன் கைக்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்தாவது கெஜத்தில் அதே வலது கால் அவனுக்குக் கீழே கோணலாகத் திரும்பியது. அடுத்து வந்தவன் அதன்மேலேயே விழுந்தான். இந்தத் தடவை அவனைத் தாங்கிக் கூட்டி வரவில்லை, வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். நடாலி படிக்கட்டில் ஓடினாள். லொரேன் பின்னால் ஓடினாள். வால்ட்டின் கையுறைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கஸ்தான் மீன்.

அவர் உடனே போகவில்லை. புள்ளிகளை அலுவல்முறையாக உறுதி செய்யும்வரை சில சமயம் கணக்கு மாறும் என்பது லீக்கில் எல்லோருக்கும் தெரியும். கடைசி விசில்வரை உட்கார்ந்து, உறுதியான பிறகுதான் எழுந்தார். கீழே மைதானத்தில் பனிக்கு நடுவே வண்டியின் சக்கரத் தடம் இரண்டு கோடாகக் கிடந்தது. 'நான் என்ன பண்ணினேன்' என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தார்.

மருத்துவமனை அறையில் கோல்பியின் கால் முழங்கால்வரை கட்டுப் போட்டு உயரத் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறதாம். மறுநாள் அறுவை சிகிச்சை. அடுத்த வருஷம் ஆடலாமா என்பதை அப்புறம்தான் சொல்வார்களாம். டிராஃப்டில் எடுக்காத பையனுக்காக எந்த அணியும் ஒரு வருஷம் காத்திருக்காது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். வலிக்குக் கொடுத்த மருந்தில் கோல்பியின் கண் பாதி சொருகியிருந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நீ கேட்டியா நடாலி? மகனேன்னு கூப்பிட்டாரு."

"கேட்டேன்" என்றாள் அவள். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாவைப் பார்த்த பார்வையில் இவ்வளவு நாள் இல்லாத ஒரு இளக்கம் இருந்தது. எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். சொல்லிவிடலாமா என்று வால்ட் ஒரு நொடி நினைத்தார். அந்தக் கை அவ்வளவு கதகதப்பாக இருந்தது; சொல்லவில்லை. இன்றிலிருந்து இவன் என் மகன்தான், எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். அதுவும் உண்மையான வேண்டுதல்தான்.

"உன்னை வண்டில ஏத்தினதும் நாங்க ரெண்டு பேரும் வந்துட்டோம்" என்றாள் லொரேன். "அப்பாதான் கடைசிவரைக்கும் இருந்தாரு."

கோல்பி கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்தான். "அப்படியா சார்? நாம ஜெயிச்சமா?"

வால்ட் வாயைத் திறந்தார். கடைசி விசில்வரை அந்த மைதானத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுபதாயிரம் பேரோடு சேர்ந்துதான் எழுந்து வெளியே வந்தார். அவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்களா, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்களா என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

"அது வந்து... பனி ஜாஸ்தியா இருந்துச்சா..."

"சார்?"

"நல்ல ஆட்டம். ரொம்ப நல்ல ஆட்டம் பையா."

நடாலியின் கை மெல்ல விலகியது. கோல்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. இரண்டு மாதமாகத் தினமும் ஊர் பேர் தெரியாதவர்களின் செய்திகளைப் படித்துப் பழகியவன் அவன். குரலை உயர்த்தாமல், விவரம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"எனக்கு எத்தனை புள்ளி சார்?"

"இருபத்து மூணு புள்ளி நாலு" என்றார் வால்ட்.

அவ்வளவு சட்டென்று வந்தது பதில். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. லொரேன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். கோல்பி தலையை ஆட்டினான், சரியாகத்தான் இருக்கும் என்பது போல. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

நடாலி கட்டிலைச் சுற்றிப் போய் அவனுடைய அந்தப் பக்கத்தில் நின்றாள். அழுகை நின்றுபோயிருந்தது.

"கல்யாணத்துக்கு வாங்கப்பா, வராம இருந்துடாதீங்க" என்றாள். "முன்வரிசைல இடம் போட்டு வைக்கறேன். உக்காந்து பாத்துட்டுப் போங்க."